உலக்கையில் முளைத்த கால்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, கண்மணிகளே. அதனால்தான் எழுபத்தாறு வயதில் நான் சொல்லாராய்ச்சியில் இறங்கியபோது தடுக்க ஆளில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தில் வியாழன்தோறும் கதை சொல்பவள் நான். போன மாதம், காலைக் குறிக்கும் ‘லெக்’ என்ற ஆங்கிலச் சொல் நம் உலக்கையிலிருந்து போனது என்று முழங்கினேன். உலக்கை, லக்கை, லெக். சான்றுக்கு உலக்கை மாதிரி இருக்கும் என் காலையும் தூக்கிக் காட்டினேன். தமிழிலிருந்து போனது என்றால் நாம் எதற்கும் கைதட்டுவோமே, தட்டினார்கள். தலைவர் அருள்நாயகம் அதை ஆண்டு மலரில் என் படத்தோடு போடுவதாகச் சொன்னார். என் பெயர் அச்சில் வந்ததே இல்லை. கலியாணக் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

மலர் அச்சுக்குப் போகுமுன் எமில்டா சங்கத்தில் சேர்ந்தாள். நோர்வேயில் முப்பது வருடம் தாதியாக இருந்துவிட்டு, இங்கே பக்கத்தில் வோபர்னில் மகளோடு இருக்க வந்தவள். தேநீர் மேசையில் என் காதோடு சொன்னாள்:

“அக்கா, உது அந்தப் பக்கத்துச் சொல்லெல்லோ. நோர்வேயிலை லெக் எண்டால் முழங்காலுக்குக் கீழை மட்டும். முழுக்காலுக்கு வேறை சொல்லு.”

நம்பாமல் நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் தடித்த அகராதியைப் பார்த்துச் சொன்னாள்: நோர்வேப் பக்கத்தாரின் பழைய நோர்ஸ் மொழியில் ‘லெக்ர்’. கால் எலும்புக்கும் அதுதான், கை எலும்புக்கும் அதுதான். அங்கிருந்து கப்பலில் வந்தவர்கள் இங்கிலாந்தில் விட்டுப்போன சொல்.

“உலக்கை ஒரு இடத்திலும் இல்லையோ, பிள்ளை?” இரண்டு முறை கேட்டேன்.

எமில்டா பாவம். “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அக்கா. நீங்கள் போடுங்கோ,” என்றாள். அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. என்னை நம்பிக் கைதட்டிய அத்தனை முகங்களும் கண்முன் வந்தன.

வியாழக்கிழமை எழுந்து நின்று, உலக்கை என் சொந்தக் கற்பனை என்று சொன்னேன்.

“உங்கடை காலைப் பாத்தால் அகராதிதான் பிழை, அக்கா!” என்றார் முன்வரிசையில் இருந்த மரியரட்ணம். கூரை அதிரச் சிரித்தார்கள்.

அருள்நாயகம் மட்டும் தலையில் கைவைத்தார். “பக்கம் போட்டாச்சே அக்கா, இப்ப என்ன செய்யிறது?”

“படம் அப்பிடியே இருக்கட்டும் தம்பி. கீழை, நான் சொன்னது பிழையெண்டு போடுங்கோ.”

மலர் வந்தது. கூறையில் நான், வென்றவள்போலச் சிரிக்கிறேன். கீழே: ‘மேலே காணும் அம்மையார் சொன்னது பிழை.’ படத்தை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். காட்டுவதற்குக் கால்கூட இல்லை.