கால் வைத்த எட்டுக் கிளாஸ்

எங்கள் வீட்டில் கதவும் ஜன்னலும் தவிர மற்றதெல்லாம் பாரிஸ் நகரத்திலிருந்து வந்தவை. ஜன்னல் சீலை, மேசை விரிப்பு, சாப்பாட்டுக் கோப்பைகள், சுவரில் தொங்கும் இயேசுவின் இராப்போசனப் படம் எல்லாமே என் புருஷன் றோயின் தங்கை லவீனா அங்கே பார்த்து எடுத்து அனுப்பியவை. நல்ல மனத்தோடுதான் அனுப்பினாள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் கலியாணம் முடித்து இருபத்தைந்து வருஷத்தில் இந்த வீட்டுக்கென்று ஒரு பொருளைக் கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று நான் வாங்கியதில்லை. அவள் அனுப்பியதைக் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்குவதும் தூசு தட்டுவதும்தான் என் பங்கு.

றோய் யாழ்ப்பாணக் குருநகரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். போன வருஷம் அவருக்கு ஒரு ஆசை முளைத்தது. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் குடிப்பது வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில். சில்வர் பேணியில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுவை. வீட்டுப் பெண்கள் குசினி ஜன்னலால் கடித்துக்கொள்ளப் பைற்ஸ் பொரித்துக் கொடுத்தபடியே எதையும் காணாதது போல இருக்க வேண்டும். பிரான்சுக்கு விசா மறுக்கப்பட்டதால் லவீனாவின் மகளின் கலியாணத்தை வீடியோவில்தான் பார்த்தார் றோய். அதில் எல்லோரும் கால் வைத்த பழைய காலத்து ஸ்டைல் கிளாஸ்களைப் பிடித்துக்கொண்டு, நின்று, சிரித்து, ஆறுதலாகக் குடித்தார்கள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார்.

"இனிக் கள்ளன் மாதிரிக் கிணத்தடியிலை குந்தேலாது யசி. மனிசர் மாதிரி ஹோலிலை இருந்து குடிப்பம்" என்றார்.

பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தச்சர் வந்து ஹோல் மூலையில் வளைவாக ஒரு பார் மேசை அடித்துக் கொடுத்தார். எங்கள் வெள்ளிவிழாவன்று அதைத் திறப்பதாகத் திட்டம். கிளாஸ் மட்டும் இல்லை.

"கிளாஸை நான் எடுக்கிறன்" என்றேன்.

றோய் சிரித்தார். "நீ ஒரு துளி குடிச்சறியாய். உனக்கென்னெண்டு தெரியும்?"

"குடி தெரியாது. கண்ணாடி தெரியும்."

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயன ஆய்வுகூட உதவியாளர். எத்தனை ஆயிரம் முகவைகளையும் குடுவைகளையும் கழுவிக் கவிழ்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்தக் கண்ணாடி எங்கே வெடிக்கும், எது எப்போது கையை வெட்டும் என்பது விரலுக்கே தெரியும். வீட்டில்தான் அந்த விரலுக்கு மரியாதை இல்லை.

அன்றைக்கே லவீனா போனில் வந்தாள். "மச்சாள், உங்கை ஐஸ்கிறீம் கப்தான் கிடைக்கும். நீங்கள் கரைச்சல் படாதேங்கோ. நான் வரேக்கை நல்ல செற் ஒண்டு கொண்டுவாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் கொண்டுவாங்கோ, நானும் எடுக்கிறன்" என்றேன். றோய் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, "சரி, சரி. எது நல்லதோ அது பாருக்கு மேலை. மற்றது அலுமாரிக்குள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார். எந்தச் செற் அலுமாரிக்குப் போகும் என்று அவர் நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரே ஒரு பொருள், அதுவும் எட்டுக் கிளாஸ். அதுகூட இந்த வீட்டில் என் தெரிவாக இருக்கக்கூடாதா?

முதலில் எவ்வளவு கொள்ள வேண்டும் என்று பார்த்தேன். விளிம்பு உடைந்ததால் பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட அளவுச்சாடி ஒன்றை அதிபரிடம் கேட்டு வாங்கி வந்தேன். றோய் பனஞ்சாராயம், தேசிக்காய்ச் சாறு, நெல்லி கிறஷ் என்கிற இனிப்புச் சாறு மூன்றையும் ஐசோடு போத்தலில் அடைத்துக் குலுக்கி, வடித்து, சாடிக்குள் ஊற்றினார். நான் குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய் வாசித்தேன். நூற்றுப் பத்து மில்லி. அதில் இருபது ஐஸ் உருகிய தண்ணீர்.

"உதென்ன யசி, சோதினையோ?"

"ஓம்."

நூற்று நாற்பது கொள்ளும் கிளாஸ் இருந்தால் மேலே ஒரு விரல் இடம் மிஞ்சும். எனக்கு அது போதும்.

கஸ்தூரியார் வீதியில் தம்பிராசா என்பவரின் பாத்திரக் கடை இருக்கிறது. மனிதருக்கு அறுபது வயது, நெற்றி நிறையத் திருநீறு. சாராயத்துக்குக் கால் வைத்த கிளாஸ் வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருக்கு ரீச்சர்?" என்றார். பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் அவருக்கு எல்லோரும் ரீச்சர்தான்.

"என்ரை வீட்டுக்கு."

அவர் தட்டுப் பக்கம் திரும்பினார். புனல் மாதிரி விரிந்தவை, வயிறு பருத்தவை, பொன்விளிம்பு போட்டவை என்று ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்று கால் லீற்றர் பிடிக்கும். இன்னொன்றின் விளிம்பு என் வளையல் அளவு தடிப்பு. முக்கால் மணித்தியாலமாக நான் தலையாட்டிக்கொண்டே இருந்ததில் மனிதருக்கு அலுத்துவிட்டது. "அப்ப உங்களுக்கு வேண்டினது யாழ்ப்பாணத்திலை இல்லை ரீச்சர்" என்றார்.

லவீனா சொன்னதும் அதுதான். நான் அசையவில்லை. மேல் தட்டில், தூசு படிந்த ஒரு பெட்டி தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அது சரிவராத சாமான். ஐஸ்கிறீம் கடைக்காரர் கேட்டு எடுப்பிச்சது. வாய் உள்ளுக்கு வளைஞ்சிருக்கு, கரண்டி ஓடாது, ரெண்டு உருண்டையும் கொள்ளாது எண்டு விட்டிட்டுப் போட்டினம்."

இறக்கச் சொன்னேன். பன்னிரண்டு கிளாஸ். மெல்லிய நீண்ட கால், அதன்மேல் கொஞ்சம் ஆழமான சின்னக் கிண்ணம், சுற்றிவர ஒரு கொடி வரைந்திருந்தது. பழைய படங்களில் வருகிற அதே வடிவம். கையில் எடுத்ததும் எனக்கு உள்ளே துள்ளியது, ஆனால் முகத்தில் காட்டவில்லை. பையிலிருந்து அளவுச்சாடியை எடுத்து, தண்ணீர் கேட்டேன்.

விளிம்பு மட்டம் நூற்று நாற்பத்தைந்து.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை ஒற்றை விரலால் அமத்தினேன். இரண்டு ஆடின. நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டேன். கிண்ணமும் காலும் சேருகிற கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றில் காற்றுக் குமிழி இருந்தது. இன்னொன்றின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு, விரல் கண்டுபிடித்தது. நாலையும் ஒதுக்கிவிட்டு எட்டைக் கட்டச் சொன்னேன். தம்பிராசாவின் கடைக்கு வந்த மற்றவர்கள் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிவிழா ஞாயிற்றுக்கிழமை. காலையில் நன்றிப் பூசை, பின்னேரம் வீட்டில் கொண்டாட்டம். லவீனா இரண்டு நாள் முன்னரே வந்துவிட்டாள். அவளுடைய பெட்டியிலிருந்து ஆறு கிளாஸ்கள் வந்தன. உயரமான கால், புனல் போல விரிந்த வாய், கண்ணாடி கடதாசி மாதிரி மெல்லிசு. அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் எட்டையும் பார்த்தாள்.

"நான் சொன்னனான்தானே மச்சாள், ஐஸ்கிறீம் கப். பரவாயில்லை, பின்னேரம் பிள்ளையளுக்கு ஐஸ்கிறீம் குடுக்க உதவும்."

வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். றோயும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவளுடைய ஆறையும் பாருக்கு மேல் வரிசையாக வைத்தார். என் முகம் எரிந்தது. என் எட்டையும் தூக்கிக்கொண்டுபோய், துடைத்து, பிறிஜ்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். குசினிக்குள் நின்று கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து ஆம்பிளைகள் வந்தார்கள். அதில் மூத்தவர் றோயின் அண்ணன் அடைக்கலநாதன் அத்தான், நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். முதல் கிளாஸ் அவருக்குத்தான். றோய் குலுக்கி ஊற்றினார். அந்தப் பெரிய புனலின் அடியில் சாராயம் கொஞ்சமாகத் தெரிந்தது.

"என்னடா, பிள்ளைக்கு மருந்தோ?" என்றார் அத்தான்.

றோய் இரண்டு பங்கு ஊற்றினார். அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு கதவடிக் கதிரைக்கு நடந்தார். நாலாவது அடியில் சேட்டு நனைந்தது. ஆறாவது அடியில் வேட்டி. மற்றவர்கள் ஆடாமல் அசையாமல் நின்ற இடத்திலேயே குடித்தார்கள். ஆனால் இரண்டு பங்கு குடித்து முடிக்கமுதல் ஐஸ் குளிர் போய்விட்டது.

"சூடாப்போச்சு றோய்" என்றார் ஒருவர்.

அத்தான் திரும்பி வந்து கிளாஸை மேசையில் வைத்தார். "பிள்ளை யசிந்தா, எனக்கொரு சில்வர் பேணி தா. நான் கிணத்தடியிலை இருந்து குடிக்கிறன்."

மற்றவர்களும் நகரத் தொடங்கினார்கள். றோயின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷத்து ஆசை பின்வாசலால் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே விட்டுப்போனது.

"இருங்கோ அத்தான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். பேணியை எடுக்கவில்லை. பிறிஜ்ஜிலிருந்து என் கிளாஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். குளிரில் அதன்மேல் வெள்ளைப் பனிப்புகார் படிந்திருந்தது. கொடி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு பங்கு. புதுசாக் குலுக்குங்கோ" என்றேன் றோயிடம்.

ஊற்றினார். விளிம்புக்கு ஒரு விரல் கீழே, நான் வாசித்த இடத்தில், வந்து நின்றது. றோய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அளவுச்சாடி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கிண்ணத்தைப் பிடியாதேங்கோ அத்தான். காலைப் பிடியுங்கோ. அப்பத்தான் கைச்சூடு ஏறாது."

கயிறு இழுத்துக் காய்த்த அந்தப் பெரிய கை, மூன்று விரலால் காலைப் பிடித்தது. கதவடிக்கு நடந்தார். படியிறங்கி கேற் வரைக்கும் போனார். வேண்டுமென்றே ஒரு வெட்டு வெட்டித் திரும்பினார். வந்து மேசைக்கு முன்னால் நின்று கிளாஸை உயர்த்திக் காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு ஆறுதலாக, நாலு மிடறாக, கண்ணைத் திறந்துகொண்டு குடித்தார்.

"கடைசி மிடறும் குளிர்" என்றார். "றோய், உதை வள்ளத்திலையும் கொண்டுபோகலாம். ஆரடா எடுத்தது?"

"யசிதான்" என்றார் றோய். அதோடு நிற்கவில்லை. லவீனாவின் ஆறு கிளாஸ்களையும் தானே எடுத்துக் கழுவிக் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கிவிட்டு வந்தார். "யசி, மிச்சத்தையும் கொண்டுவா."

அந்த ஒரு வசனத்துக்கு நான் இருபத்தைந்து வருஷம் காத்திருந்திருக்கிறேன். ஐந்து பேருக்கும் றோய்க்கும் கொடுத்தேன். குசினியில் பொரித்துக்கொண்டிருந்த பெண்களும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் காணாதது போல நிற்கவில்லை. லவீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்டு தாங்கோ மச்சாள்."

எட்டாவதில் றோய் எனக்கு வெறும் நெல்லியும் தேசிக்காயும் குலுக்கி ஊற்றினார். பாருக்குப் பக்கத்து உயரக் கதிரையில், எல்லோரும் பார்க்க, ஏறி இருந்து குடித்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

எங்கே வாங்கினேன் என்று லவீனா கேட்டாள். கடையைச் சொன்னேன், நாலு மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னேன். ஏன் மிச்சம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது லவீனா அந்த நாலையும் வாங்கி வந்து மேசையில் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஏன் மச்சாள் ஆடுது?" என்றாள்.

"அது நான் வேண்டாமெண்டு விட்டது."

கோபிப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "காட்டுங்கோ" என்றாள். விரலால் அமத்துவதையும், நகத்தால் தட்டுவதையும், கழுத்தை வெளிச்சத்தில் பார்ப்பதையும் காட்டினேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாரிஸிலிருந்து வீடியோவில் அழைத்தாள். பெரிய கடை ஒன்று, அவளுக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கண்ணாடி. விற்கிற வெள்ளைக்காரப் பெட்டை பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். லவீனா கால் வைத்த கிளாஸ் ஒன்றைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள்.

"மச்சாள், என்ரை வீட்டுக்கு. நீங்கள் ஓமெண்டால்தான் எடுப்பன்."

நான் பார் மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"விளிம்பை அமத்துங்கோ."

அமத்தினாள்.

"ஆடுது. அதை வையுங்கோ. அடுத்ததை எடுங்கோ."