துப்பறிவாளனுக்கு ஒரு முகம்

பழைய அமெரிக்கத் துப்பறியும் நாவல் ஒன்றைப் படக்கதை ஆக்கிக்கொண்டிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் யாசின் எழுத்து, ராஜபாளையத்து மாரிக்கனியாகிய நான் படம். கதையை யாசின் எங்கள் ஊருக்கே கொண்டுவந்துவிட்டான். தொப்பியும் மழைக்கோட்டும் போயின. இந்த வெயிலில் அதை மாட்டினால் துப்பறிவாளன் இரண்டாம் பக்கத்திலேயே சுருண்டு விழுவான். கொலை பஞ்சாலையில் நடந்தது. மாற்றாதது ஒன்றுதான்: துப்பறிவாளன் நாலு அறை விடுவான், எதிரில் இருப்பவன் உண்மையைக் கக்குவான்.

ஆளை நிறுத்தி வைக்காமல் எனக்குப் படம் வராது. மேசை விளக்கை ஒரு பக்கம் வைத்து, நடிக்கச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைவேன். துப்பறிவாளனுக்கு யாசின் தன் தெருக்காரரைப் பிடித்தான். சமுத்திரம் ஏட்டையா, ஓய்வுபெற்ற போலீஸ்காரர். எந்த ஸ்டேஷனில் இருந்தார் என்று கேட்டேன். சொன்னான். உடனே சரி என்றேன்.

அந்த ஸ்டேஷனில்தான் என் அண்ணன் வல்லரசு செத்தான். மோட்டார் திருட்டு, விசாரிக்க வேண்டும் என்றார்கள். தாய்மாமாவே போலீஸ். எங்கள் வீட்டில் காக்கியைக் கண்டு யாரும் ஒளிந்ததில்லை. அம்மாவே அவனைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள். மறுநாள், பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று உடம்பைக் கொடுத்தார்கள். தம்பி பாண்டிதுரை அதற்குப் பிறகு போலீஸில் சேர்ந்தும்விட்டான். அண்ணன் எப்படிச் செத்தான் என்று எனக்கு மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

யாசின் வீட்டுக்கு ஏட்டையா பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். நான் யார் தங்கை என்று அவருக்குத் தெரியாது. யாசின் கைதியாக நாற்காலியில் உட்கார்ந்தான், நான் போனில் வீடியோவை ஓடவிட்டேன். நான் வரைந்து வைத்திருந்த கன்னத்து அறையைப் பார்த்து ஏட்டையாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னம்மா, சினிமாக்காரன் மாதிரி வரஞ்சிருக்க. மூஞ்சில அடிச்சா மறுநாள் மாஜிஸ்திரேட்டு பாக்க மாட்டாரா?"

"அப்ப எங்க அடிப்பீங்க ஏட்டையா?"

யாசினின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, உள்ளங்காலைத் தட்டிக் காட்டினார்.

"இங்கதான். ஒரு தடவ மோட்டார் திருட்டுன்னு ராஜபாளையத்துப் பையன் ஒருத்தன், வல்லரசோ என்னமோ பேரு. கொஞ்சந்தான் அடிச்சேன், நெஞ்சு தாங்கல. பொறவு பாத்ரூம்ல விழுந்தான்னு எழுதி முடிச்சாக. திருடுனவன் வேற ஒருத்தன், பின்னாடி மாட்டுனான். வெளக்கச் செத்த கிட்ட வைம்மா, மூஞ்சி தெரியட்டும்."

அவரை யாரும் அறையவில்லை. படம் சரியாக வர வேண்டுமே என்ற அக்கறையில் சொல்லிவிட்டார். யாசின் முகம் வெளுத்தது. அவனுக்கு அண்ணன் கதை தெரியும். "நல்லா வந்திருக்கு ஏட்டையா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அம்மாவிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கதறுவாள் என்று நினைத்தேன். முழுதும் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ட்டி. காலப் புடிச்சு அழுதவ நான்தான? ரெண்டு பாதமும் கறுத்து வீங்கிக் கெடந்துச்சு."

"பொறவு ஏம்மா வாயத் தொறக்கல?"

"பாண்டிதுரை அப்ப போலீஸ் செலக்சனுக்கு ஓடிக்கிட்டுக் கெடந்தான். போனவன் போயிட்டான். கேசுன்னு அலஞ்சா இருக்கவனுக்கு வேல கெடைக்குமா? ஒம்மாமனும் அதத்தான் சொன்னான். அந்தக் கருமத்த அழிச்சிரு. தம்பி வார நேரம்."

ஏட்டையா மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு அம்மா மேல் வந்தது. பாண்டிதுரை காக்கியோடு வந்து வண்டியை நிறுத்தியதும் நேராகப் போய்ப் போனை நீட்டினேன்.

"ஏலே, இதப் பாரு."

நின்றபடியே கடைசிவரை பார்த்தான். கண் கலங்கிவிட்டது. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். போனைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இது வேற யார்ட்டயும் இருக்கா?"

"பத்துப் பேருக்கு அனுப்பியாச்சு" என்று பொய் சொன்னேன். என் தம்பியைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான்.