முட்டை போகிற வழி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். கறிக்கோழிப் பண்ணையில் பொறுமைசாலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குஞ்சு வந்து இறங்கியதிலிருந்து எடை போட்டு லாரியில் ஏறும்வரை தீவனம், தண்ணீர், சூடு, காற்று எதுவும் யாருக்காகவும் காத்திருக்காது. பத்து ஷெட்டையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். விற்பனையும் வண்டியும் தம்பியின் பொறுப்பு.

இப்படிப்பட்டவள் இன்னொருவன் தருகிற குஞ்சுக்காகக் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. கேட்ட நாளில் வராது. வந்தாலும் பாதி சோம்பிக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், "முட்டை அப்படி மேடம்" என்பான் கொண்டுவருகிறவன். ஒருநாள் அவனைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டு வந்து தம்பியிடம் சொன்னேன், நாமே பொரிப்பகம் கட்டுகிறோம் என்று. வாரம் ஒரு லட்சம் குஞ்சு. கூடவே புதிதாக இருபது ஷெட். நமக்குப் போக மிச்சம் வெளி விற்பனைக்கு. பொரிப்பகத்துக்கு ஷெட்டுகளைவிட்டுத் தள்ளித் தனி இடமும் பார்த்து வைத்திருந்தேன்.

"அகலக்கால் வேணாம்க்கா" என்றான் தம்பி. "கால்வாசி கட்டுவோம். அவ்வளவு முட்டையும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கும்போது நோய் உள்ள பூந்துச்சுன்னா, மொத்தமும் போச்சு."

"பூந்தாத்தானே? பூராத மாதிரி கட்டுவோம்."

"சரி, நடந்து பாப்போம். அழுக்கு ஒரே ஒரு இடத்துல சுத்தத்தைத் தொட்டாலும் கால்வாசிதான். தொடலைன்னா நீ சொல்ற அளவு."

உடனே ஒப்புக்கொண்டேன். நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். எந்த ஷெட் கட்டினாலும் முதலில் தரையில் கோடு போட்டு, வேலை நடக்கிற மாதிரியே நடந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்கால் தோண்டுவோம். காகிதத்துக்குக் கால் கிடையாது, எதை வரைந்தாலும் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

கோழி ஏற்றிவிட்டுக் கழுவிக் காயவைத்திருந்த ஷெட் ஒன்றில் ஒருநாள் காலையில் கூடினோம். இன்ஜினியர் வரைபடத்தோடு வந்திருந்தார். பாதி அளவில் கயிறு பிடித்துச் சாக்பீஸால் அறை அறையாகக் கோடு இழுத்தோம். ஒரு முனையில் முட்டை வந்து இறங்கும் அறை. அடுத்தது செட்டர் கூடம். முட்டை பதினெட்டு நாள் அடையிருக்கிற இயந்திரங்கள் அங்கே. அதைத் தாண்டினால் ஹேச்சர் அறை, கடைசி மூன்று நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருகிற இடம். பிறகு குஞ்சு அறை, பக்கத்தில் டிரே கழுவும் அறை, கடைசியில் வண்டி நிற்கும் வாசல். செட்டர் கூடத்துக்கும் குஞ்சு அறைக்கும் இடையில், ஹேச்சர் அறையை ஒட்டி, என் அலுவலகம். முட்டை முன்னால் போகலாம், எதுவும் பின்னால் வரக்கூடாது. சட்டம் இவ்வளவுதான். குஞ்சு பொரிகிற இடத்தில் முட்டை ஓடும் இறகுப் பஞ்சும் தூசியும் பறக்கும். அது செட்டர் பக்கம் திரும்பினால் வம்பு.

தம்பி ஒரு வாளி நிறைய செங்கல் தூள் கொண்டுவந்து ஹேச்சர் அறையிலும் குஞ்சு அறையிலும் தூவினான். "இதுதான் அழுக்கு. முட்டைப் பக்கம் சிவப்பு தெரிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது."

அவனே முட்டை டிராலி ஆனான். என் வீட்டுக்காரர் அழுக்கு டிரே. தம்பி மனைவி செட்டர் கூடத்து ஆள். கல்யாணத்துக்கு முன்பு வேறொரு பொரிப்பகத்தில் செட்டர் அறையில்தான் அவள் வேலை பார்த்தாள். ஆனால் வாயில்லாப் பூச்சி. எங்கள் பண்ணையில் அவளிடம் நான் ஒரு ஷெட்டைக்கூட விட்டதில்லை. யாரிடமும் விட்டதில்லை, அது வேறு விஷயம்.

நடந்தார்கள். தம்பி டிராலியை ஹேச்சர் கதவுவரை தள்ளி, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான். என் வீட்டுக்காரர் டிரேக்களை அள்ளிக் கழுவும் அறையில் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்கினார்.

"ஏங்க, அழுக்கு டிரே இவ்வளவு மெதுவாவா நடக்கும்?"

"நிறைய குஞ்சு பொரிச்ச களைப்பு" என்றார்.

தம்பி விடுவானா? குறுக்கே புகுந்து பார்த்தான், தப்பான கதவைத் தேடிப் பார்த்தான். டிராலியும் டிரேயும் போகிற எந்தக் கதவிலும் வழி இல்லை. செட்டர் கூடத்தில் ஒரு துளி சிவப்பு இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்னடா, லட்சமா, கால்வாசியா?" என்றேன்.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "நீங்க இன்னும் நடக்கலையே."

"நான் என்ன டிரேயா?"

"தினமும் வருவீங்கல்ல? வர்ற மாதிரி நடங்க."

நடந்தேன். இதில் என்ன இருக்கிறது? பண்ணையில் எனக்குக் காலையில் ஒரே ஒழுங்குதான். இளசு முதலில், முற்றியது பிறகு. சின்னக் குஞ்சுக்குத் தாங்கும் சக்தி குறைவு, பெரிய கோழியின் நோயைக் காலில் சுமந்துகொண்டு அதனிடம் போகக் கூடாது. இருபது வருஷமாக இந்த ஒழுங்கை ஒருநாளும் மீறியதில்லை, மீறியவனை விட்டுவைத்ததும் இல்லை. ஆகவே நேராகக் குஞ்சு அறைக்குப் போனேன். இல்லாத குஞ்சைக் குனிந்து பார்த்தேன். என் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். நடுவில் இருந்த அந்த அறையை நானே கேட்டு வரையச் சொல்லியிருந்தேன், ஒரே நாற்காலியிலிருந்து இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று. மறு கதவு வழியாகச் செட்டர் கூடத்துக்குள் போய்க் கடைசி இயந்திரம்வரை நடந்து திரும்பினேன்.

என் செருப்புத் தடம் கூடம் முழுக்கச் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"குஞ்சைவிட இளசு முட்டைதான் அண்ணி" என்றாள் அவள் மெதுவாக.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஷெட்டில் எது என் கெட்டிக்காரத்தனமோ, அதுவே இங்கே நோயைக் கொண்டுபோகிறது. எரிச்சல் தாங்காமல், "கோழி மிதிச்சு குஞ்சு சாகாது" என்று முணுமுணுத்தேன்.

"கோழி மிதிச்சா சாகாது. உன் செருப்பு மிதிச்சா சாகும்" என்றான் தம்பி. "சரிக்கா, கால்வாசி."

"ஒரு கதவை அடைச்சா சரியாயிடுச்சு" என்றார் இன்ஜினியர்.

"சார், உங்களுக்கு எங்க அக்காவைத் தெரியாது. கதவை அடைச்சா சுவரை இடிச்சுட்டுப் போவா. தப்பு கட்டடத்துல இல்ல."

கோபம் வந்தது. அவன் சொன்னது நிஜம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. இரண்டு பக்கமும் நானே பார்ப்பேன் என்றால் என் அளவுக்கு ஒரு சின்னக் கட்டடம்தான் கட்ட முடியும். பெரிதாக வேண்டுமானால் பாதி என் கண்ணுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். குஞ்சு எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் நிற்பேன். முட்டைப் பக்கம் யார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடையிருக்கும் லட்சக்கணக்கான முட்டை, பக்கத்தில் நான் இல்லை.

"நீ பாத்துக்குவியா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"பாத்துக்குவேன். ஆனா முழுசா" என்றாள் வாயில்லாப் பூச்சி. "ஆள் எடுக்கறது, நிறுத்தறது, மிஷின் சூடு, எல்லாம் நான்தான். நீங்க உள்ள வரணும்னா அன்னைக்குக் குஞ்சுப் பக்கம் போயிருக்கக் கூடாது. குளிச்சு, துணி மாத்தி, என்கிட்ட சொல்லிட்டு வரணும்."

"சொல்லிட்டா, கேட்டுட்டா?"

என் வீட்டுக்காரர் இருமினார். தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

"கேட்டுட்டு, அண்ணி."

சுருக்கென்று தைத்தது. ஆனால் இதே வார்த்தையை வேலை கேட்டு வந்த ஒருத்தி சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சேர்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் இவளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன்? சாக்பீஸை வாங்கி, என் அலுவலகத்துக்கும் செட்டர் கூடத்துக்கும் நடுவே இருந்த கதவின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராகத்தான் வந்தது.

இன்ஜினியர் பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார். எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

"அப்ப செட்டர் கூடம் பழைய அளவே இருக்கட்டுமா மேடம், குறைக்கணுமா?"

பதில் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. விழுங்கினேன்.

"அது அவ பக்கம். அவளைக் கேளுங்க."

அவள் வரைபடத்தை வாங்கி, தரையில் விரித்து, குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இன்னும் ரெண்டு மிஷினுக்கு இடம் விட்டு வைங்க" என்றாள்.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு செங்கல் தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.