பத்து வாரப் படிப்பு

கல்லூரியில் பதினாறு வாரப் பருவத்தைப் பத்து வாரமாகக் குறைத்தபோது எங்கள் சிவில் இன்ஜினியரிங் வகுப்பே கைதட்டியது. சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் விடுமுறை என்று கணக்குப் போட்டோம். பாடம் குறையவில்லை என்பது ஒரு மண்டைக்கும் எட்டவில்லை. இப்போது எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

என் அறைத்தோழிக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தோம். எதையும் நின்று நிதானமாகப் புரிந்துகொண்டால்தான் அவளுக்கு நிம்மதி. போன வருடம் தேர்வுக்கு முன்னால் வகுப்பில் பாதிப் பேர் அவள் கட்டிலைச் சுற்றித்தான் கிடந்தோம். இந்த முறை அவள் ஒரு பாடத்தைப் பிடிப்பதற்குள் மூன்று பாடம் ஓடிவிடுகிறது. இன்று காலை பார்த்தால், துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"வீட்டுக்கு. படிப்பே வேணாம்டி. மண்டைல ஏறல."

"லூசாடி நீ? அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"நான் மக்குன்னு சொல்லுவேன். வேறென்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் வரைக்குமாவது இரு என்று கெஞ்சி, பையும் கையுமாக அவளை வகுப்புக்கு இழுத்துப் போனேன்.

பேராசிரியர் மூச்சிரைக்க நுழைந்தார். எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பலகையில் எழுத ஆரம்பித்தார். எல்லோரும் தலை குனிந்து எழுதினோம். வெகுநேரம் கழித்து ஆமை கையைத் தூக்கினாள்.

"சார், இது எங்க பாடம் இல்லையே."

அவர் பலகையைப் பார்த்தார். நான் என் நோட்டைப் பார்த்தேன். மண்ணின் தாங்குதிறன் படிக்க வேண்டிய நாங்கள், இறுதியாண்டுக்காரர்களின் பாலத்தைப் பக்கம் பக்கமாகக் கட்டி வைத்திருந்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அவர் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பருவத்தில் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"ஒரு வகுப்புலேருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடிட்டே இருக்கேன். எங்க நிக்கிறேன்னே தெரியலம்மா. உண்மையச் சொல்லுங்க, எதுவரைக்கும் புரிஞ்சிருக்கு?"

அவள்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு மூணாவது பாடம் வரைக்கும்தான் சார்."

மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எனக்கு ரெண்டுதான்," என்றான். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் திரும்பி ஆமையைப் பார்த்தான். "எனக்கு அதுவும் இல்ல."

"சரி, மூணுலேருந்தே ஆரம்பிப்போம். நோட்ட எடுங்க."

அவள் நோட்டு பையின் அடியில் இருந்தது. சட்டை, சீப்பு, துண்டு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து என் மடியில் போட்டாள். ஆடிக்கொண்டிருந்த காலோடு சேர்த்து அத்தனையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.