எமில் லெஃப்லரின் அரைக்கழுகு

மார்ச் மாதக் காசுக் கண்காட்சி வழக்கம்போல லங்காஸ்டருக்கு வெளியே தீயணைப்பு நிலையத்தின் பின்மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. சமையலறையில் கோழியும் சோளமும் போட்ட சூப் கொதிக்கும் வாசனை. ஆர்டிஸ் குல்மனின் மேசை ஜன்னலோரம் இருந்தது. பழைய அமெரிக்கத் தங்கக் காசு என்றால் அந்த வட்டாரத்தில் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். எந்த அச்சில் அடித்தது, என்ன தரம் என்று அவள் சொல்லிவிட்டால் ஏலக்காரர்கள்கூட மறுபேச்சுப் பேசுவதில்லை.

கொரின் லெஃப்லர் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கணவன் எமில் ஜனவரியில் இறந்திருந்தான்.

"ஏலத்துக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன். பசங்க ரெண்டு பேருக்கும் இதுல ஆசை கிடையாது. அதுக்கு முன்னாடி நீ ஒருதடவ பாத்துச் சொல்லு."

பிளாஸ்டிக் உறைக்குள் 1806ஆம் ஆண்டு ஐந்து டாலர் தங்கக் காசு. பத்து டாலர் காசு 'கழுகு'; அதில் பாதி என்பதால் இதை அரைக்கழுகு என்பார்கள். எமில் அதைக் காசு சேகரிப்போர் கழகக் கூட்டங்களுக்கு எத்தனையோ முறை கொண்டுவந்திருக்கிறான்.

அந்தக் காலத்தில் பிலடெல்பியா நாணயச் சாலையில் அச்சு வெட்டியவர்கள் நட்சத்திரங்களையும் எண்களையும் கையாலேயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தார்கள். அதனால் ஓர் அச்சைப் போல் இன்னொன்று இருக்காது. ஆர்டிஸ் லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள். 1806இன் கடைசி எண்ணான ஆறின் தலை கூர். இடப்பக்கம் எட்டு நட்சத்திரம், வலப்பக்கம் ஐந்து. அவற்றுக்கு நடுவே விட்ட இடைவெளிகளும் சரி. எமிலின் காசை அடித்த அதே அச்சுதான். அடுத்து, வெடிப்பைத் தேடினாள்.

அடி வாங்கி வாங்கி அச்சு வெடிக்கும். வெடிப்புக்குள் தங்கம் புகுந்து, காசின்மேல் மயிரிழை போல மேடாக நிற்கும். எமிலின் காசில் அந்த இழை விளிம்பில் கிளம்பி, ஒரு நட்சத்திரத்தைக் கடந்து, காசில் பொறித்த பெண்ணின் தலைமுடியில் ஏறி, அவள் தொப்பிவரை போகும். வளைந்து வளைந்து போவதால் அதற்கு ஊர் ஆற்றின் பெயரை வைத்து 'என்னோட கானஸ்டோகா' என்பான்.

இந்தக் காசில் இழை நட்சத்திரத்தோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. தேய்த்து அழித்த தடமும் இல்லை.

ஆர்டிஸ் காசை வெளியே எடுத்து எடை போட்டாள். சரியாக இருந்தது. பொய்க்காசு இல்லை.

"கொரின், இது தங்கம்தான், அசல்தான். ஆனா எமிலோட காசு இல்ல."

"என்ன சொல்ற நீ?"

"அச்சுல வெடிப்பு வளரும், சுருங்காது. இது எமிலோடதுக்கு முன்னாடி அடிச்சது. வேற காசு. யாரோ மாத்தியிருக்காங்க."

கொரினின் முகம் வெளுத்தது.

"படுக்கையில இருக்கும்போது இதைக் கையில கொடுக்கச் சொல்வாரு. லென்ஸ வச்சுப் பாத்துட்டு, ஆறு வத்திப்போச்சு, ஆறு வத்திப்போச்சுன்னு அழுவாரு. மூளை குழம்பிருச்சுன்னு நான் டாக்டர்கிட்ட சொல்லி மருந்தைக் கூட்ட வச்சேன் ஆர்டிஸ்."

"வீட்ட விட்டு இது எப்பவாவது வெளிய போச்சா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"ஒரே ஒருதடவ. அக்டோபர்ல. லைப்ரரியில கண்காட்சி வைக்கணும்னு வென்டல் வாங்கிட்டுப் போனான்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தின் மறுகோடியில் வென்டல் பெக்வித் யாரோ ஒருவருக்குக் காசு காட்டிக்கொண்டிருந்தான். எமிலின் முப்பது வருடத் தோழன்.

"சவ அடக்கத்துக்கு அப்புறம் வீட்டுப் பக்கமே வரல. அப்பவே எனக்கு ஒருமாதிரியா இருந்துச்சு" என்றாள் கொரின்.

ஆர்டிஸுக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலையில் அவள் வணக்கம் சொன்னபோது வென்டல் முகம் கொடுக்கவில்லை. கொரின் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டியை மூடினான். வாசலில் நின்ற அவனுடைய புது வண்டிகூட இப்போது வேறு மாதிரித் தோன்றியது.

எழுந்து அவன் மேசைக்குப் போனாள்.

"வென்டல், ஒரு சந்தேகம். எமிலோட காசுல அந்த வெடிப்பு, அவரோட கானஸ்டோகா, எதுவரைக்கும் போகும்?"

வென்டல் துணியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். "யாருக்குத் தெரியும்? ஞாபகம் இல்ல."

"உனக்கா ஞாபகம் இல்ல? போன ஜென்மத்துல பாத்த காசுக்குக்கூட நட்சத்திரம் எண்ணிச் சொல்ற ஆளு நீ."

"வயசாகுதுல்ல, அம்மா தாயே. போய் சூப்பு குடி, ஆறிடப் போகுது."

அவன் பொய் சொல்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நேராகக் கழகத் தலைவர் டெல்பர்ட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டெல்பர்ட் ரகசியம் பேசத் தெரியாத மனிதர். அவர் வென்டலிடம் போய், "விஷயம் தெளிவாகுற வரைக்கும் மேசையைக் காலி பண்ணிடுப்பா" என்றபோது பாதி மண்டபத்துக்குக் கேட்டது. வென்டல் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டிகளை அடுக்கத் தொடங்கினான். குற்றமில்லாதவன் இப்படிப் பேசாமல் போவானா என்று பக்கத்து மேசைக்காரர்கள் குசுகுசுத்தார்கள்.

"போலீசுக்குப் போகணும்னா இந்தக் காசுக்கும் ஒரு தரம் எழுதிக் கொடு" என்றாள் கொரின்.

ஆர்டிஸ் காசை மறுபடி உறையிலிருந்து எடுத்து விளக்கடியில் சாய்த்தாள். அதுவரை வெடிப்பை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போதுதான் முழுக் காசையும் பார்த்தாள். புதிதாக அடித்த காசில்போல ஒளி தடங்கலில்லாமல் சுழன்று வந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தில், பின்பக்கக் கழுகின் மார்பில், எங்குமே தேய்மானம் இல்லை. தரத்துக்கான மதிப்பெண்ணில் எமிலின் காசு எழுபதுக்கு ஐம்பத்து மூன்று. இது அறுபத்திரண்டுக்குக் குறையாது.

அவள் லென்ஸைக் கீழே வைத்தாள்.

"கொரின், எந்தத் திருடனாவது இருந்ததைவிட நல்ல காசை வச்சுட்டுப் போவானா?"

வண்டிகள் நிற்குமிடத்தில் வென்டல் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். இருவரையும் கண்டதும் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"அது உன் காசுதானே?" என்றாள் ஆர்டிஸ்.

அவன் மெதுவாகத் தலையசைத்தான்.

"எமிலோட காசுல பச்சையா பிசுக்கு ஏறியிருந்துச்சு. பழைய பிளாஸ்டிக் உறையால வந்தது. கண்காட்சிக்கு முன்னாடி எடுத்துடலாம்னு துணியால துடைச்சேன். துணியில மணல் இருந்திருக்கு. காசுல அந்தப் பொண்ணோட கன்னத்துல குறுக்க முழுசும் கீறிட்டேன். அவன் எழுந்திரிக்க முடியாமப் படுத்திருக்கான், அவன்கிட்ட போய் என்னன்னு சொல்றது? அதே அச்சுல என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அவன்கிட்ட காட்டினதே இல்ல, அவனோடதைவிட நல்லா இருந்ததால. அதை வச்சுட்டேன். அவனுக்குக் கண்ணு மங்கிருச்சு, தெரியாதுன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுச்சு. தினமும் தெரிஞ்சுச்சு. அவரு சொன்னதை நான்தான் நம்பல" என்றாள் கொரின்.

வென்டல் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டான். அதுவரை அது அவனுக்குத் தெரியாது. பிறகு ஆர்டிஸைப் பார்த்தான்.

"ஊரைக் கூட்டறதுக்கு முன்னாடி நீ என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. ஞாபகம் இல்லன்னு சொன்ன."

கொரின் கையை நீட்டினாள். "அவரு காசை எடு."

அதைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தான் வென்டல். காசிலிருந்த பெண்ணின் கன்னத்தில் கீறல்கள் பளபளத்தன. கொரின் அதை வாங்கிக்கொண்டு, நல்ல காசை அவன் வண்டியின் இருக்கையில் வைத்தாள்.

"உன்னோடது எனக்கு வேண்டாம். ஏலமும் வேண்டாம். உன்னை மன்னிச்சிட்டேன்னும் நினைச்சுக்காத" என்று சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள்.

ஆர்டிஸ் உள்ளே போய் டெல்பர்ட்டிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஆனால் காலையில் கேட்டவர்களில் பாதிப்பேர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

செப்டம்பர் கண்காட்சியில் வென்டலுக்கு வாசலோரம் மேசை கிடைத்தது. அதிகம் பேர் நிற்கவில்லை. ஆர்டிஸ் போய் நின்றாள். மழையைப் பற்றிப் பேசினார்கள். அவன் 1802ஆம் ஆண்டுக் காசு ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், முன்பக்கத்துக்கே வந்து, விளிம்புவரை முழுதும் இன்னொரு முறை பார்த்தாள்.

வென்டல் அதைக் கவனித்தான். விளக்கை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.