கணவாய்க்கு வழி இல்லை

எங்கள் தபால் பெட்டியோடு சாலை முடிந்துவிடுகிறது என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கோடையில் அது முடிவதில்லைதான். சரளைக்கல் பாதையாக மலையேறி, டென்டன் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். ஆனால் நவம்பர் வந்துவிட்டால் மாவட்டத்தின் பனி அள்ளும் வண்டி எங்கள் தபால் பெட்டி வரை வந்து திரும்பிவிடும். அதற்கு மேலே மே மாதம் வரை பனி ஒன்றுதான். அமெரிக்காவின் கிழக்கு ஓரிகனில் இந்த மூலையில் பிறந்த எவருக்கும் இது தெரியும். போனுக்குத் தெரியாது.

காற்றடித்துப் பனி நெடுஞ்சாலையை மூடும் நாட்களில்தான் கொடுமை. அங்கே தேங்கி நிற்கிற அத்தனை கார்களுக்கும் போன் ஒரு மாற்று வழி கண்டுபிடித்துத் தரும். அந்த வழி என் வீட்டு வாசல். வரைபடக் கம்பெனிக்கு எத்தனையோ முறை எழுதிவிட்டேன். ஒரே ஒரு முறை பதில் வந்தது. "உங்கள் ஆலோசனைக்கு நன்றி. படங்களைச் சரிபார்த்தோம். அங்கே சாலை இருக்கிறது." அவர்கள் பார்த்த படத்தில் எங்கள் மாடுகள் பச்சைப் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

போன ஜனவரியில் அப்படி ஒரு நாள். விடிந்ததுமே நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். நான் மாடுகளுக்கு வைக்கோல் போடுவதை என் கணவர் ஆர்லினிடம் விட்டுவிட்டு, அவருடைய ஆரஞ்சு நிறக் கோட்டை மாட்டிக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றேன். 'சாலை மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை அங்கே இருக்கத்தான் செய்கிறது. பனி அப்பிவிட்டால் அது வெறும் வெள்ளைப் பலகை. துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

வந்தவர்களில் பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. ஓட்டியவன் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினான். பக்கத்தில் மனைவி. பின்னால் நாலைந்து வயதுப் பெண் குழந்தை.

"மேல போக முடியாதுங்க. திருப்பிக்குங்க," என்றேன்.

"போன்ல திறந்திருக்குன்னு காட்டுதே."

"போன் இங்க குடியிருக்கல. நான் இருக்கேன்."

அவன் சிரித்தான். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி மேடம் இது. கவலைப்படாதீங்க."

"நாலும் சேர்ந்து மாட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்."

அவன் மனைவி குனிந்து என்னைப் பார்த்தாள். "கர்ட்டிஸ், திரும்பிடலாம். அவங்க இங்கயே இருக்கிறவங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு மரிசா." என் பக்கம் திரும்பினான். "நீங்க போலீஸா?"

"இல்ல."

"அப்ப வழிய விடுங்க."

கார் நகர்ந்தது. முன்பக்கம் என் முழங்காலில் வந்து இடித்தது. நான் விலகினேன். வேறென்ன செய்ய? பின் சீட்டிலிருந்து குழந்தை எனக்குக் கையசைத்துக்கொண்டே போனது.

வீட்டுக்குள் போய், ஷெரிஃப் ஆபீசில் இருக்கும் ஆர்லினின் தம்பி டுவெயினைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணி, இங்க ரெண்டு லாரி கவுந்து கெடக்கு," என்றான். "இப்போதைக்கு ஒரு ஆளைக்கூட அனுப்ப முடியாது."

"குழந்தை இருக்குடா அந்தக் கார்ல."

"காதுல விழுது அண்ணி. ஆளுக்கு எங்க போவேன்?"

முதல் சில மைல்களில் காற்று பனியைத் துடைத்துக்கொண்டு போய்விடும். தரை தெரியும். அதுதான் ஏமாற்று வேலை. துடைத்த பனியெல்லாம் மேலே வளைவுகளில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். "பார்த்துட்டுத் திரும்பி வந்துடுவான்," என்று ஆர்லின் சொல்லிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. யாரும் வரவில்லை. பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்குப் பின்னால் சறுக்கு வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வழி முழுக்க நான் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். இன்ஜின் சத்தத்தில் ஆர்லினுக்குக் கேட்டிருக்காது.

மூன்றாவது வளைவில் காரைப் பார்த்தோம். முன்பக்கம் பள்ளத்தில் சாய்ந்திருந்தது. பின்பக்கம் பனிக்குள் புதைந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குழாய் பனியில் அடைபட்டிருந்தது. புகை போக வழியில்லை, உள்ளேதான் போயிருக்கும். கதவைப் பிடுங்கித் திறந்தேன்.

"தலை வலிக்குது," என்றாள் மரிசா, கண்ணைத் திறக்காமலே. "தூக்கமா வருது."

"தூங்கக் கூடாது. எந்திரிங்க."

ஆர்லின் அவளை வெளியே இழுத்தார். நான் குழந்தையைத் தூக்கினேன். தலை துவண்டு என் தோளில் விழுந்தது. பனியை அள்ளி அதன் முகத்தில் தேய்த்தேன். முதுகில் தட்டினேன். என்னவெல்லாமோ கத்தினேன். கடைசியில் அது என் மேலேயே வாந்தியெடுத்துவிட்டு, உரக்க அழ ஆரம்பித்தது. நானும் அழுதுவிட்டேன், ஆத்திரத்தில்.

"எங்க அந்த ஆளு?"

"நடந்து போனாரு," என்றாள் மரிசா. "அந்தப் பக்கத்து ரோடு கிட்டத்துலதான் இருக்குன்னு போன்ல காட்டுச்சாம்."

அங்கே கிட்டத்தில் எதுவும் கிடையாது. ஆர்லின் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வளைவைத் தாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தானாம். வெறும் கேன்வாஸ் ஷூ. குளிரில் எப்போதோ செத்துப்போன போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருக்கிறான்.

என் சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் மூவரையும் உட்கார வைத்து, கம்பளி சுற்றி, சூப் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. நடுக்கம் நின்று வாய் திறந்ததும் கர்ட்டிஸ் கேட்ட முதல் கேள்வி இது:

"ஒரு கேட்டுகூட இல்லாம எப்படி இந்த மாதிரி ரோட்டை விட்டு வச்சிருக்கீங்க? நான் வக்கீல் வச்சு கேஸ் போடத்தான் போறேன்."

சூப்புக் கரண்டி என் கையில் இருந்தது. நல்லவேளையாக மரிசா முந்திக்கொண்டாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"யார் மேல போடுவ? இவங்க நடுரோட்டுல நின்னாங்க. நீ இவங்க மேல காரை ஏத்தப் பார்த்த. நான் ரெண்டு தடவை சொன்னேன் திரும்பலாம்னு. உனக்கு உன் பொண்டாட்டி வாயை நம்ப முடியல, அந்தப் பொட்டி வாயை நம்புன. இன்னொரு வார்த்தை பேசின, ஆம்புலன்ஸ்ல உன்கூட ஏற மாட்டேன்."

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

மறுநாள் காலையில் எங்கள் பழைய வைக்கோல் வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து சாலைக்குக் குறுக்கே நிறுத்தினேன். டயர்களில் காற்றையும் இறக்கிவிட்டேன். டுவெயின் வந்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"அண்ணி, பொது வழியை மறிக்கக் கூடாது. மாவட்டக் கமிஷனர்கள் எடுக்கச் சொல்றாங்க. கேட்டு பத்தி அடுத்த வருஷம் பேசலாமாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் இதுதான் கேட்டு."

"அபராதம் எழுதணும்."

"எழுது. வெர்னாங்கிற பேரைப் பிழை இல்லாம எழுது."

எழுதினான். ஆனால் வண்டியை எடுக்க ஆள் அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தில் இழுவை லாரி வைத்திருப்பவன் ஒருவன்தான், அவனுக்கும் அன்றைக்கு முதுகு வலி வந்துவிட்டது.

அடுத்த கமிஷனர் கூட்டத்தில் அந்த அபராதச் சீட்டைத் தூக்கிக் காட்டி நான் கத்திய கத்தலை இன்றும் கடைத்தெருவில் பேசுகிறார்கள். அவர்கள் நிதி நிலைமை என்று ஆரம்பித்தார்கள். அப்போது, கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுக் குழந்தையோடு வந்திருந்த மரிசா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். கர்ட்டிஸுக்குக் குளிரில் கால்விரல்கள் சில போய்விட்டன என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். "இப்ப வண்டி நான்தான் ஓட்டறேன்," என்றாள் என்னிடம். பிறகு குழந்தையை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, "இவளைப் பார்த்துச் சொல்லுங்க, அடுத்த வருஷம்னு," என்றாள்.

பிப்ரவரியில் இரும்பு கேட்டு வந்தது. சாவி எங்களிடம் இருக்கிறது.

வரைபடம் மாறவில்லை. நேற்று மறுபடியும் நெடுஞ்சாலையை மூடினார்கள். கேட்டுக்கு முன்னால் ஒருவன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். போய் நின்றேன்.

"கேட்டைத் திறங்கம்மா. போன்ல வழி திறந்திருக்குன்னு சொல்லுது."

"அப்ப போன்கிட்டயே சாவி கேளுங்க."

அவன் என்னவோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பினான். நான் வீட்டுக்குள் வந்து அந்தக் கம்பெனிக்கு இன்னொரு முறை எழுதினேன். இந்த மாதிரியெல்லாம் எழுதக் கூடாது என்று ஆர்லின் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட அடிக்காமல் அனுப்பினேன்.