தாளம் என்றாள் அதிதி

பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது அனந்தலக்ஷ்மி முதலில் சந்தேகப்பட்டது மகளை அல்ல, கணக்கு டீச்சர் மிஸஸ் ஹட்சனை. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் அதிதியும் அவள் தோழி ஷ்ரேயாவும் கை ஜாடையால் விடை சொல்லிக்கொண்டதாகத் தோன்றுகிறது, நேரில் வந்தால் பேசலாம் என்று எழுதியிருந்தாள்.

ஜாடையாம்! இரண்டு பெண்களும் ஒன்றரை வருடமாகக் கேட்டி என்கிற புறநகரில் ஒரே வீட்டில் பாட்டு கற்கிறார்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. ஆதி தாளம் கையில் ஊறிப்போயிருந்தது. தூக்கத்தில்கூட அதிதியின் கை போர்வைமேல் தட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பாட்டு கற்றால் கணக்கு தானாக வரும் என்பது அனந்தலக்ஷ்மிக்கு வேதவாக்கு. ஹில்க்ராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்வாள். அறுபத்தெட்டு வாங்கிக்கொண்டிருந்த அதிதி இந்த வருடம் தொண்ணூற்றாறு வாங்கியதும் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"அப்போ பாடவே தெரியாத நான் எப்படி இன்ஜினியர் ஆனேன்?" என்று கேட்டான் கணவன் மகாதேவன்.

"அதான் ரெஸ்டாரன்ட்ல டிப்ஸ் கணக்குக்குக்கூட ஃபோனை எடுக்கறேளே!"

அன்று மாலை மகளை உட்காரவைத்துக் கேட்டாள். "நிஜமா சொல்லுடி. டெஸ்ட்ல ரெண்டு பேரும் என்ன பண்ணேள்?"

"ஜஸ்ட் தாளம், அம்மா." பதில் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது. "ஷ்ரேயா வில் டெல் யூ தி சேம் திங்."

ஷ்ரேயாவைப் பற்றி யார் கேட்டார்கள்? அந்த ஒரு வரி மீன்முள்ளைப் போல அனந்தலக்ஷ்மியின் தொண்டையில் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இறங்கவில்லை.

மறுநாள் வகுப்பறையில், அதிதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க அமர்ந்து, அவள் தொடையில் தாளம் போட்டுக் காட்டினாள். மிஸஸ் ஹட்சன் கெட்டவள் இல்லை. ஆர்வமாகப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குப் பதிலாகக் கட்டைவிரலை நீட்டிவிட்டுத் தானே சிரித்தாள். இசை கற்பது குழந்தைகளுக்கு எவ்வளவு நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொன்னாள். "அதைத்தான் நானும் எல்லாரிடமும் சொல்கிறேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"அப்படியானால் இதுவும் அந்தத் தாளம்தானே?" டீச்சர் ஒரு மஞ்சள் காகிதத்தை நகர்த்தினாள். முன் இருக்கையிலிருந்த ஷ்ரேயாவின் கை பரீட்சையின்போது என்ன செய்தது என்று வரிசையாகக் குறித்துவைத்திருந்தாள்.

நடுவிரல், நடுவிரல், தட்டு, மோதிரவிரல், சுண்டுவிரல், தட்டு.

அனந்தலக்ஷ்மி ஒருமுறை படித்தாள். தொடையில் மெல்லப் போட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலைத் தொடாமல் மோதிரவிரலுக்குப் போகிற தாளம் அவள் கேள்விப்பட்டதே இல்லை. தட்டு, மூன்று விரல்கள், ஆக நான்கு. பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் தேர்ந்தெடுக்க நான்கு விடைகள். எப்போதும் நூறு வாங்குகிற ஷ்ரேயா முன்னால், அதிதி நேர் பின்னால்.

அந்த அறையில் இது புரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தி காகிதத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் மகள் திருடி. ஆமாம் என்றால்?

"ஆமாம்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "தாளம்தான்."

மிஸஸ் ஹட்சன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டதும் அனந்தலக்ஷ்மி காத்திருந்தாள். நான்தான் அப்பவே சொன்னேனே என்று மகள் கத்த வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டும், அந்த டீச்சரை நாலு வார்த்தை திட்ட வேண்டும். அது போதும். தான் கண்டதெல்லாம் மனப்பிராந்தி என்று வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

பின் இருக்கையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "தேங்க்ஸ்மா."

அனந்தலக்ஷ்மி கண்ணாடியில் பார்த்தாள். "எதுக்குடி தேங்க்ஸ்?"

அதிதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எஞ்சினை அணைத்தாள். "இறங்கு."

"அம்மா, ப்ளீஸ். ஷ்ரேயா வில் கெட் இன் ட்ரபிள் டூ."

"அவ அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீ இறங்கு."

பள்ளியின் வாசல் கதவு அதற்குள் பூட்டிக்கொண்டுவிட்டது. அனந்தலக்ஷ்மி ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மணியை அழுத்தினாள். இப்போதுதானே போனீர்கள், எதையாவது விட்டுவிட்டீர்களா என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது.

"இல்லை" என்றாள். "மிஸஸ் ஹட்சனிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். நானும் என் மகளும் அவரைப் பார்க்க வேண்டும்."